கவிழ்த்து வைத்த டேங்க்

வீட்டு முற்றத்தில் பெட்ரோல் வாசனை. அப்பா 1987-இல் வாங்கிய புல்லட்டுக்கு அடியில், சிமென்டுத் தரையில், எட்டணா அகலத்துக்கு ஈரம். துடைத்துவிட்டுக் காத்திருந்தால் கால்மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஒரு சொட்டு. டேங்கின் அடி மூலையில், மேல்தகடும் அடித்தகடும் சேரும் மடிப்பில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது. பசை வைத்து அடைத்தேன். பத்து நாளில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை.

அடி மூலையில் துளை விழுவதற்குக் காரணம் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காதவை. டேங்குக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட தண்ணீர் நேராக அடிக்குப் போய், இருப்பதிலேயே தாழ்ந்த பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் குழாய் அந்தப் பள்ளத்தைவிடச் சற்று உயரத்தில் வாய் வைத்திருப்பதால் அந்தத் தண்ணீர் எஞ்சினுக்கும் போகாது, வெளியேயும் வராது. மேலே எத்தனை முறை பெட்ரோலை நிரப்பித் தீர்த்தாலும் அது அங்கேயே கிடந்து தகட்டைத் தின்னும்.

தண்ணீர் உள்ளே போவதற்கு மழையில் மூடி ஒழுக வேண்டும் என்றில்லை. டேங்க் மூச்சு விடுகிறது. பகலில் சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே வரும். எங்கள் வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம். கடற்காற்றில் ஈரத்துக்கும் உப்புக்கும் குறைவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி காலியான டேங்கில் 7 லிட்டர் காற்று இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் அதில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவான காற்று, தினமும் போய்வரும். ஈரம் முழுக்க நிறைந்த 25 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் நீராவியைச் சுமக்கும். அப்படியானால் ஒரு நாளைக்கு உள்ளே வரும் தண்ணீர், மிஞ்சிப்போனால், 5 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் அந்த வண்டியை யாரும் எடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கும் கூட்டினால் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் வருகிறது. குண்டூசித் துளைக்கு அது தாராளம்.

பழைய டேங்கை இனி நம்ப முடியாது என்று ஆனதும் வேறு டேங்க் தேடினேன். பழைய இரும்பு வாங்கி விற்கும் ஆக்கர் கடையில் ஒன்று கிடைத்தது. பிற்காலத்து வண்டி ஒன்றினுடையது. தகடு கெட்டி, ஒடுக்கு இல்லை, வடிவம் நீர்த்துளி போல அழகு. அதைத் தூக்கிக்கொண்டு கோட்டாற்றில் அப்பாவுக்கு நாற்பது வருடப் பழக்கமான ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் ஆசான் பெஞ்சில் பழைய கோணியை விரித்தார். நான் டேங்கை நிமிர்த்தி வைத்துப் பளபளப்பைக் காட்டினேன்.

"மேல என்னத்த மக்கா பாக்க? கவுத்துப் போட்டுப் பாரு" என்றார்.

நாம் எல்லோரும் டேங்கை மேலிருந்துதான் பார்க்கிறோம். 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா சென்னைத் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகளில் டேங்கின் ஓரத்துத் தங்கக் கோடுகளை மனிதக் கையே தூரிகையால் இழுத்தது; அந்தக் கோட்டுக்காகவே வண்டி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் கவிழ்த்து வைத்தால்தான் அது என்ன பொருள் என்று புரிகிறது. மேலே ஒற்றை உருவமாகத் தெரிவது அடியில் இரண்டு பைகள். நடுவில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால். ஃப்ரேமின் முதுகெலும்பான குழாய் அந்த வாய்க்காலுக்குள் போகும். கழுதை முதுகில் இருபுறமும் தொங்கும் பொதி போல டேங்க் அதன்மேல் உட்காரும். வாய்க்காலின் அகலம் ஒத்துவர வேண்டும். முன்பிடிப்பும் பின்பிடிப்பும் ஃப்ரேமில் உள்ளவற்றோடு சேர வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் டேங்கில் இடிக்கக் கூடாது. டேப் போகும் ஓட்டை எங்கே, அது கார்புரேட்டருக்கு மேலேயா பக்கத்திலா என்பதும் அடியில்தான் எழுதியிருக்கிறது. இவை தவிர, வாய்க்காலின் ஓரத்தில் பேனா ரீஃபில் பருமனில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அது கசிவுக்கு இன்னொரு வழியாகிவிடுமோ என்று பயந்து, ஆசான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் நானே ஒரு ரப்பர் அடைப்பானை அதில் செருகினேன். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொள்ளளவை ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி அளந்தோம். 14 லிட்டர், பழையதைவிட அரை லிட்டர் குறைவு. மூடியின் கழுத்து உள்ளே இரண்டு விரற்கடை இறங்கியிருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கழுத்தின் விளிம்போடு நிறுத்திக்கொண்டால் கூரைக்கடியில் கொஞ்சம் காற்று மிஞ்சும். அந்த இடம் வீணல்ல. பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லி விரியும். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ந்து வந்த 13 லிட்டரை நிரப்பிக்கொண்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டு வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால், 15 டிகிரி கூடும்போது கிட்டத்தட்ட 200 மில்லி கூடுதலாக இடம் கேட்கும். எஃகுத் தகடு விரிவது அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. கழுத்து முட்ட ஊற்றச் சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பின்பிடிப்பு ஒத்துவரவில்லை. டேங்கின் வால்பக்கத்துத் தகட்டை அறுத்துவிட்டு வேறு வைத்துப் பற்றவைக்க வேண்டும். டேங்க் மாற்றுகிற வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலியான டேங்க் பயங்கரமானது. திரவப் பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது; அதுவும் காற்றில் ஆவியின் பங்கு சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான். நிறைந்த டேங்கின் கூரையடியில் ஆவி அடர்த்தியாக இருக்கும், எரியத் தேவையான காற்று குறைவாக இருக்கும். காலி டேங்கில் நிலைமை தலைகீழ். 14 லிட்டர் காற்று நிற்கிறது. அதை வெடிக்கும் கலவையாக மாற்ற எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்கிட்டால் விடை திகைக்க வைக்கிறது. 1 மில்லியிலிருந்து 4 மில்லிக்குள். ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். மடிப்பு இடுக்கிலும் துருவின் துளைகளிலும் ஒட்டியிருக்கும் ஈரமே அந்த அளவு இருக்கும். முகர்ந்து பார்த்து வாசனை இல்லை என்று முடிவு செய்தாலும் ஜுவாலை பட்டதும் தகடு சூடாகி, இடுக்கில் பதுங்கியிருந்தது ஆவியாகி வரும்.

"காலி டேங்குதாம் மக்கா ஆளக் கொல்லும்" என்று சொல்லிக்கொண்டே ஆசான் அதைச் சோப்புப் பொடி கரைத்த வெந்நீரால் மூன்று முறை அலசினார். உள்ளே ஒரு துண்டு சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கித் துருவைக் கழற்றினார். பிறகு, பற்றவைக்க வேண்டிய இடம் மேலே வரும்படி டேங்கைச் சாய்த்து நிறுத்தி, அந்த இடத்துக்கு ஓரங்குலம் கீழ்வரை தண்ணீரை நிரப்பினார். இப்போது உள்ளே கலவை நிற்க இடமே இல்லை. மிச்சமிருக்கும் ஓரங்குலக் காற்றும் திறந்த வாய் வழியே வெளியேறும். நூற்றுக்கணக்கான டேங்குகளை இப்படித்தான் பற்றவைத்திருக்கிறார். அவசரத்தில் தண்ணீர் ஊற்றாமல் வேலை பார்த்தவர்களின் கதை ஒவ்வொரு ஊர்ப் பட்டறையிலும் ஒன்றாவது உண்டு. இந்த வேலையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுப் பிடிப்பை ஃப்ரேமோடு நேராக போல்ட் போட்டு இறுக்கிவிடலாமே என்று கேட்டேன். ஆசான் தலையை ஆட்டினார். "வண்டி ஆடும், டேங்கு மட்டும் ஆடாண்டாம்னா எப்பிடி?"

அவர் சொன்னதற்குள் உலோகங்களின் களைப்பு பற்றிய முழு அறிவியலும் இருக்கிறது. அப்பா காலத்துப் புல்லட் 350-க்கு ஒற்றை சிலிண்டர்; 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், மொத்தம் 346 சிசி. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அந்தப் பிஸ்டன் வினாடிக்கு 50 முறை மேலும் கீழும் போய்வந்து ஃப்ரேமை உலுக்கும். ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 உலுக்கல். ஒரே முறை வளைத்தால் ஒன்றும் ஆகாத தகடு, லட்சக்கணக்கான முறை துளித்துளியாக வளைக்கப்பட்டால் பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். ஒரு கோடி உலுக்கலை எட்ட 56 மணி நேர ஓட்டம் போதும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர் மூன்றே வாரத்தில் அதைத் தொட்டுவிடுவார். அதனால்தான் டேங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் ரப்பர் வைக்கிறார்கள். ரப்பர்மேல் உட்கார்ந்த டேங்குக்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. எஞ்சினின் உலுக்கல் அந்த வேகத்தைவிட நன்றாக மிகுந்திருந்தால் அது டேங்கைச் சேராமல் ரப்பரிலேயே செத்துப்போகும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 5 கிலோ டேங்கில் 10 கிலோ பெட்ரோல் இருக்கும்போது மொத்தம் 15 கிலோ, தீர்ந்ததும் 5. எடை மூன்றில் ஒரு பங்கானால் ஆட்ட வேகம் 1.7 மடங்கு ஏறும், எஞ்சின் வேகத்துக்கு இன்னும் அருகில் வரும். பெட்ரோல் தீரத் தீர டேங்க் அதிகமாக நடுங்குவதைத் தொடையில் உணர்ந்தவர்களுக்கு இதுதான் விளக்கம். டேங்கை மாற்றினால் ரப்பரையும் அந்த எடைக்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

ரப்பரைப் பற்றிக் குமரி மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் காலையில் போனால் பால்வெட்டு நடக்கும். வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட் துணி போலக் காயும். அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இங்கேதான் இயங்குகிறது. டேங்க் புஷ்ஷுக்கு நம்மூர் இயற்கை ரப்பரை மிஞ்சியது இல்லை. ஆனால் அதே ரப்பரில் பெட்ரோல் ஹோஸ் செய்யக் கூடாது. இயற்கை ரப்பரும் பெட்ரோலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஒரே குலத்துப் பொருட்கள். பெட்ரோல் மூலக்கூறுகள் ரப்பர் இழைகளுக்கிடையே அந்நியமில்லாமல் நுழைந்து உட்காரும். ஹோஸ் ஊதி, கொழகொழத்து, கிழியும். பெட்ரோல் ஹோஸுக்கு நைட்ரில் ரப்பர் வேண்டும். அதன் இழையில் நைட்ரஜன் சேர்ந்த மின்முனைவுள்ள பகுதிகள் இருப்பதால் பெட்ரோலோடு ஒட்டுறவு குறைவு. 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்த பிறகு இந்தக் கணக்கும் கொஞ்சம் மாறியிருக்கிறது. எத்தனால் மின்முனைவுள்ள திரவம். பழைய நைட்ரில் ஹோஸுகளையும் வாஷர்களையும் அது மெல்ல இறுக வைக்கவோ ஊத வைக்கவோ செய்யும். பழைய வண்டிக்கு டேங்க் மாற்றுகிறவர், எத்தனாலைத் தாங்கும் ஹோஸையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

டேப்பின் மரையும் பொருந்தவில்லை. லேத் பட்டறையில் பித்தளையில் ஓர் இணைப்பு கடைந்து வாங்கினோம். இந்தப் பழைய புல்லட்டில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. இடையிலுள்ள உயரம்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்த உயரம் ஒரு சாண், 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் எழுபதில் ஒரு பங்கு. ஊதி அணைக்கும் மூச்சைவிட எளிய விசை. இவ்வளவு எளிய விசையால் ஓடும் திரவத்துக்கு வழியில் ஏற்றம் வைக்கக் கூடாது. ஹோஸ் எங்கேயும் மேல்நோக்கி வளையாமல் இறங்கிக்கொண்டே போக வேண்டும், வளைந்தால் அந்த மேட்டில் காற்றுக் குமிழ் சிக்கி வழியை அடைக்கும். எஞ்சினின் பசியும் சிறியதுதான். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் போகும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 30 மில்லிகூடக் குடிப்பதில்லை. ஹோஸின் நுனியைப் பாட்டிலில் விட்டு ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தோம். 240 மில்லி. எட்டு மடங்கு கையிருப்பு. திருப்தியாக இருந்தது. பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்ததால் டேங்கின் மூடி அப்போது திறந்திருந்தது என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

ரிசர்வ் என்பது தனி அறை அல்ல, அது வெறும் உயர வித்தியாசம். டேப்பின்மேல் இரண்டு வாய்கள்: ஒன்று டேங்குக்குள் சில சென்டிமீட்டர் எழும்பி நிற்கும் குழாயின் நுனியில், மற்றது அடியை ஒட்டி. சாதாரணமாக உயரமான வாய் குடிக்கும். மட்டம் அதற்குக் கீழே போனதும் எஞ்சின் இருமும். திருப்பினால் தாழ்ந்த வாய் திறக்கும். ஆக, வேறு டேங்கில் பழைய டேப்பை வைத்தால் ரிசர்வ் அளவு மாறிவிடும், ஏனென்றால் குழாயின் உயரம் அதேதான், அடியின் அகலம் வேறு. புதுசில் அளந்தபோது உயரமான வாய்க்குக் கீழே 2.2 லிட்டர் இருந்தது. ஆனால் அதில் 0.6 லிட்டர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பையில் கிடந்தது. டேப் இந்தப் பக்கம். பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றவர்கள் வண்டியை ஒரு பக்கமாகத் தரைவரை சாய்த்து நிமிர்த்துவது மூடநம்பிக்கையல்ல. மேட்டைத் தாண்ட முடியாமல் மறுபக்கத்தில் மாட்டிக்கொண்டதை இந்தப் பக்கம் ஊற்றிக்கொள்கிறார்கள்.

எல்லாம் பூட்டி, 5 லிட்டர் ஊற்றி, புது மூடியைத் திருகி, ஆரல்வாய்மொழிவரை போய்வரலாம் என்று கிளம்பினேன். ஒழுகினசேரி பாலம் தாண்டி வண்டி நன்றாகவே ஓடியது. ஏறத்தாழ ஏழாவது கிலோமீட்டரில், வெள்ளமடம் பக்கம், எஞ்சின் இரண்டு முறை இருமியது, வேகம் குறைந்தது, நின்றது. ரிசர்வுக்குத் திருப்பினேன், பயனில்லை. டேங்கை உலுக்கினால் உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டது. ஆசானுக்கு போன் செய்தேன்.

"மூடியத் தொற."

திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம்.

"கேட்டுதா? அந்தச் சின்னக் கொழாய என்ன செஞ்ச மக்கா?"

கவிழ்த்துப் பார்த்தபோது நான் அடைத்த அந்த ரீஃபில் பருமன் குழாய் கசிவு வழி அல்ல. அதன் மறுமுனை டேங்குக்குள்ளேயே மேலேறி, கூரைக்குச் சற்றுக் கீழே திறந்திருந்தது. அதுதான் டேங்கின் மூக்கு. பழைய புல்லட்டுக்கு மூக்கு மூடியில், இதற்கு அடியில். நான் வாங்கியிருந்த புது மூடியோ துளையில்லாத வகை. சாலையோரத்தில் ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, பழைய பில் ஒன்றின் பின்னால் கணக்குப் போட்டேன். 14 லிட்டர் டேங்கில் 5 லிட்டர் பெட்ரோல், ஆக 9 லிட்டர் காற்று. பெட்ரோல் இறங்க இறங்க அந்தக் காற்று விரிந்து அதன் அழுத்தம் குறையும். எழுபதில் ஒரு பங்கு குறைந்ததும், கீழே தள்ளும் விசையும் மேலே உறிஞ்சும் விசையும் சமமாகி ஓட்டம் நின்றுவிடும். 9 லிட்டரில் எழுபதில் ஒரு பங்கு 130 மில்லி: நாலரைக் கிலோமீட்டர். ஆனால் அந்த இடத்தில் காற்று மட்டும் இல்லை, பெட்ரோல் ஆவியும் இருக்கிறது. இடம் விரிந்தால் புதிதாக ஆவி எழும்பி ஈடுகட்டும், அதனால் இந்த அளவு இரட்டிப்பு வரை போகலாம். நாலரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஏழு. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த சிறிதளவையும் சேர்த்தால் நான் நின்ற இடம் பௌதிகம் சொன்ன இடம்தான். டேங்க் நிறைய ஊற்றியிருந்தால் இன்னும் முன்னாலேயே, ஒழுகினசேரியிலேயே நின்றிருப்பேன். நிறைந்த டேங்கில் விரிவதற்குக் காற்று குறைவு.

ஒரு பாத்திரம் திரவத்தை வெளியே விட வேண்டுமானால், அதே அளவு காற்றை உள்ளே வாங்க வேண்டும். பள்ளியில் படித்ததுதான். அதை நாற்பது வயதுக்குமேல் வெள்ளமடத்தில் படித்தபோதுதான் எனக்குள் இறங்கியது.

நின்ற இடத்திலிருந்து வடக்கே மலைத்தொடர் தெரிந்தது. அந்தத் தொடரில்தான், திருநெல்வேலி மாவட்டத்துப் பக்கம், மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம்; நாட்டின் திரவ எரிபொருள் ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கும் இடம். விகாஸ் எஞ்சினுக்காக உழைத்த நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். கிரையோஜெனிக் எஞ்சின்களில் நீண்ட காலம் பணியாற்றி 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி. நாராயணன் இதே மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். அவர்கள் மல்லுக்கட்டியதும் டேங்குகளோடுதான். ராக்கெட்டில் வெளிக்காற்றை உள்ளே விட வழியில்லை. விண்வெளியில் காற்றே இல்லை. எனவே டேங்குக்குள் வேறு வாயுவைச் செலுத்தி அழுத்தத்தைத் தக்கவைக்கிறார்கள், மிகையானால் வெளியே விட ஒரு வால்வும் வைக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 12 அதிகாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்10, இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. முதல் இரண்டு கட்டங்களும் சரியாக இயங்கின. மூன்றாவதான கிரையோஜெனிக் எஞ்சின் பற்றவில்லை. ஆய்வுக்குழு கண்ட காரணம்: ஹைட்ரஜன் டேங்கின் அந்த வெளியேற்று வால்வில் ஒரு மென்மையான அடைப்பு சேதமாகி வாயு கசிந்தது, எஞ்சின் பற்றும் நேரத்தில் டேங்கில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை, எரிபொருளைத் தள்ளிக்கொடுக்கும் பம்ப் தடுமாறியது. என் டேங்கில் அடைக்கக் கூடாத வழி அடைபட்டது, அங்கே அடைபட்டிருக்க வேண்டிய வழி கசிந்தது. வால்வையும் அழுத்த ஏற்பாட்டையும் திருத்திய பிறகு 2023 மே 29-இல் எஃப்12 வெற்றிகரமாகப் பறந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சொந்த வீட்டுக் காரியம் நடந்தது போல இருந்தது.

ராக்கெட்காரர்களை வாட்டும் இன்னொரு தொல்லை, அலம்பல். பாதி நிறைந்த டேங்கில் திரவம் முன்னும் பின்னும் அலையும். ஃபால்கன் 1 ராக்கெட்டின் இரண்டாவது பயணம் 2007 மார்ச்சில் சுற்றுப்பாதையை எட்டாமல் போனது இரண்டாம் கட்டத்தின் ஆக்சிஜன் டேங்கில் எழுந்த அலம்பலால். அந்த டேங்கில் அலை தடுப்புத் தகடுகள் வைக்கப்பட்டிருக்கவில்லை. நம் வண்டியின் டேங்கில், 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் ஆழம் பெட்ரோல் இருந்தால், அலை வினாடிக்கு ஏறத்தாழ 1.4 முறை போய்வரும். பேச்சிப்பாறைச் சாலையின் வளைவுகளில் பிரேக் பிடித்தால் தொடைக்கு அது தெரியும். ஆனால் ஆளும் வண்டியுமாக 250 கிலோ, பெட்ரோல் ஐந்தாறு கிலோ. நடு வாய்க்கால் வேறு அணைபோல் நின்று பக்கவாட்டு அலையை உடைக்கிறது. பெரிய டேங்க் வைத்தால் வண்டி கவிழும் என்று பயமுறுத்துகிறவர்களை நான் ஏற்பதில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு வாங்கிய வண்டி உங்களுடையதென்றால் மேலே சொன்ன கைவேலையில் பாதியை மறந்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் உயரத்தால் இறங்குவதில்லை. டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் மூழ்கிக் கிடந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. பழைய புல்லட்டின் ஒரு சாண் உயரம் தருவதைவிட இருநூறு மடங்கு. பம்ப் உட்காரும் வட்டம், அளவுகாட்டி மிதவை, ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குப் போகும் குழாய் எல்லாம் அந்த டேங்குக்கென்றே அமைந்தவை. அந்த அழுத்தத்தில் ஓர் இணைப்பு கழன்றால் சொட்டாது, சூடான எஞ்சின்மேல் பீய்ச்சும். அப்படிப்பட்ட வண்டிக்கு அதே மாடலின் டேங்கைத் தவிர வேறொன்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சட்டமும் கவனிக்க வேண்டியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வெள்ளமடத்தில் அந்த ரப்பர் அடைப்பானைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆரல்வாய்மொழிவரை போய்வந்தேன். காற்றாலைகளுக்கு நடுவே வண்டி ஒரு முறைகூட இருமவில்லை.

பழைய டேங்கை ஆக்கர் கடைக்குப் போட மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசானே அதைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துத் தந்தார். உள்ளே மேல்பாதி முழுக்கத் தகடு முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அடியில், டேப் இருந்த பக்கத்துப் பையின் மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குச் செந்துரு. அதன் மேல்விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தது போலச் சமமட்டமாக இருந்தது. டேப்பை அதன் ஓட்டையில் செருகிப் பார்த்தேன். தாழ்ந்த வாயின் உதடு அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது.